ஜோர்ஜ் கீற்றை நேரில் பார்க்க எங்கே போவது?

2024 மார்ச் 3, ஞாயிறு. கேள்வி

மகள் மே மாதம் சாதாரண தரச் சோதனை எழுதுகிறாள். சித்திரமும் ஒரு பாடம். 43 குழு என்ற ஓவியர் கூட்டம், அதில் ஜோர்ஜ் கீற் என்ற ஓவியர் என்று பாடமாக்கிக்கொண்டு திரிகிறாள், ஆனால் புத்தகத்தில் இருக்கும் படமோ முத்திரை அளவு. வத்தளையில் இருந்து பஸ் ஏறி வந்தால் அசலைக் காட்டுவதற்குக் கொழும்பில் பொது ஓவியக் கூடம் என்று ஏதாவது இருக்கிறதா, அண்ணை? இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள். கூகுளில் காட்டிவிட்டு விட்டுவிடுகிறேன்.

மார்ச் 3, இரவு

இருக்கிறது, தங்கச்சி. கூகுள் பிறகு. ஆனால் எல்லாம் ஒரே கட்டடத்தில் இல்லை. கொழும்பில் பொது ஓவியக் கூடம் என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவர் விட்டுப்போன வீடு. கறுவாத்தோட்டத்தில் ஒரு வீடு, அங்கேயே இன்னொரு வீடு இருந்த நிலம், பொரளையில் ஒரு விகாரைச் சுவர், ஒரு தெருவோரம், கொள்ளுப்பிட்டியில் ஒரு ஷொப்பிங் மோல். ஒரு சனிக்கிழமையில் முடியாது, இரண்டு வையுங்கள்.

முதலில் பார்ன்ஸ் பிளேஸில் சப்புமல் மன்றம். ஹரல்ட் பீரிஸ் என்ற ஓவியர் வாழ்ந்த வீடு அது. 1974 இல் வீட்டையும் தன்னிடம் சேர்ந்திருந்த ஓவியங்களையும் மன்றமாக்கிப் பொதுவில் விட்டார். 43 குழுவில் முக்கால்வாசிப் பேரை ஒரே கூரைக்குக் கீழே பார்க்கலாம். எல்லா நாளும் திறப்பதில்லை. போன் பண்ணிவிட்டுப் போங்கள்.

மார்ச் 4, காலை

மேலே பிழை. ஹரல்ட் பீரிஸ் இல்லை, ஹரி பீரிஸ். முப்பது வருடம் பத்திரிகையில் புரூப் பார்த்தவன் எழுதியது இது, நல்லாயிருக்கிறது.

என்னைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்கிறேன். இந்தக் கதையில் மூன்று பீரிஸ் வருகிறார்கள். ஆங்கிலத்தில் மூவருக்கும் மூன்று எழுத்துக்கூட்டல். ஒருவருக்கு ஐ முந்தி ஈ பிந்தி, அடுத்தவருக்கு அது மாறி, மூன்றாமவருக்கு ஈ முதலில் வந்து ஆர் தாண்டி இன்னொரு தரமும் வரும். தமிழில் எழுதினால் மூன்றும் பீரிஸ்தான். பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்யும்?

ஹரி பீரிஸ், 1904 இல் பிறந்து 1988 இல் இறந்தவர். ஓவியர், அதிலும் உருவப்படம் வரைவதில் கெட்டிக்காரர். சப்புமல் வீட்டைக் கொடுத்தவர் இவர். ஹரல்ட் பீரிஸ், 43 குழுவைக் கூட்டிய லயனல் வென்ட்டின் நண்பர், காசையும் காலத்தையும் கொடுத்தவர். இவரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். ஐவன் பீரிஸ், 1921 இல் பிறந்த ஓவியர், சினிமாப் படம் எடுத்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் தம்பி. இவரும் 1988 இல்தான் இறந்தார். போதாததற்கு வென்ட்டின் சகோதரர் பெயரும் ஹரி. மகளிடம் சொல்லுங்கள், விடைத்தாளில் முதற்பெயரைக் கட்டாயம் எழுதச்சொல்லி.

மார்ச் 4, மதியம்

சப்புமல் என்றால் என்ன என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சண்பகப் பூ. என் அம்மாவிடம் இந்தப் பெயரைச் சொன்னதும் "யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப் பெருமாளின்ர வீடோ?" என்று கேட்டார். அந்தச் சப்புமல் குமாரன் வந்தது 1450 வாக்கில், பார்ன்ஸ் பிளேஸ் வீட்டுக்கு அவ்வளவு வயசில்லை அம்மா என்றேன். ஆனாலும் அங்கே போக அவர் சம்மதிக்கவில்லை.

மார்ச் 9, சனி

பிழையாக எழுதியதற்குப் பிராயச்சித்தமாக இன்று நானே போய்வந்தேன். கடைசியாகப் போய்ப் பத்து வருடம் இருக்கும்.

வெள்ளவத்தையில் இருந்து ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரருக்கு இடம் தெரியவில்லை. ஒழுங்கைக்குள் திரும்பினால் மரங்களுக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட வீடு. கூடம் என்ற தோரணை ஒன்றும் இல்லை. வேறொருவர் வீட்டுக்கு முன்னறிவித்தல் இல்லாமல் போய்விட்ட கூச்சம்தான் முதலில் வரும். அறைக்குள் அறை, அங்கிருந்து இன்னொரு அறை. சுவர் நிறையப் படம். கதிரை, மேசை, புத்தக அலுமாரி எல்லாம் அப்படியே. வெளிச்சம் தோட்டத்துப் பக்கமிருந்து வருகிறது, ஒரு மேகம் கடந்தால் படங்களும் மங்குகின்றன. ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அது நடந்தது. மஞ்சள் சட்டென்று காவியாக மாறி, கொஞ்ச நேரத்தில் மறுபடி மஞ்சளாயிற்று. மின்விளக்கு பொருத்திய கூடத்தில் இது கிடைக்காது.

கீற் இருக்கிறார், பயப்பட வேண்டாம். ஆனால் நான் நெடுநேரம் நின்றது ஐவன் பீரிஸுக்கு முன்னால். கடற்கரை, மெலிந்த மரம், அசையாமல் நிற்கும் ஆட்கள், காலையா பின்னேரமா என்று சொல்ல முடியாத ஒளி. அவர் தெகிவளையில் வளர்ந்தவர், பிறகு இங்கிலாந்துக்குப் போய் அங்கே சவுத்எண்ட் கடற்கரை ஊரில் இருந்து செத்தவர். அங்கே இருந்துகொண்டு வருடக்கணக்காக இந்தக் கரையைத்தான் வரைந்தார். நான் 40 வருடமாக அதே கடலைப் பல்கனியில் இருந்து பார்க்கிறேன். எனக்குத் தெரிவது ரயில் பாதையும், கல்லில் குந்தியிருக்கும் காதல் சோடிகளும், கரையொதுங்கிய பிளாஸ்ரிக்கும். அவர் அதையெல்லாம் துடைத்துவிட்டு வரைந்திருக்கிறார். தூரத்தில் இருந்தால் அப்படித் துடைத்துவிடலாம் போலும். கனடாவில் இருந்து ஊரைப் பற்றிக் கவிதை எழுதும் என் சிநேகிதன் ஒருவனைச் சும்மா நினைத்துக்கொண்டேன், வேறொன்றும் இல்லை.

மகளுக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்று. அச்சில் கீற்றின் கோடு ஒரே தடிப்பாக, கம்பி வளைத்தது மாதிரி இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. ஓர் இடத்தில் தூரிகையில் மை தீர்ந்து கோடு உலர்ந்திருக்கும், இன்னொரு இடத்தில் பக்கத்து நிறம் கோட்டின்மேல் ஏறியிருக்கும். கோடு முதல், நிறம் பிறகு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில இடங்களில் மறுதலை. இதைப் புத்தகத்தில் பார்க்கேலாது.

மார்ச் 10

43 குழுவின் ஜஸ்ரின் தெரணியகலவை விட்டுவிட்டேன் என்று ஒருவர் கோபித்திருக்கிறார். சரிதான். 1956 இல் வெனிஸ் பியனாலே என்ற கலைக் கண்காட்சியில் பரிசு வாங்கிய மனிதர். மீனைப் பற்றிய ஓவியம். அவருடைய படங்களுக்குப் பக்கத்தில் கீற்றை வைத்தால் கீற் அடக்கமான பிள்ளை மாதிரித் தெரிவார். முகங்களைப் பிசைந்து வைத்திருப்பார் தெரணியகல. எனக்கு 25 வயதில் பிடிக்கவில்லை, இப்போது பிடிக்கிறது. சோதனைக்கு வந்தால் இந்தக் கருத்தை எழுத வேண்டாம்.

மார்ச் 10, இரவு

பெயரை மட்டும் பாடமாக்குவது பற்றி ஒரு வார்த்தை. எல். ரி. பி. மஞ்சுஸ்ரீ என்று ஒருவர் 43 குழுப் பட்டியலில் வருவார். புத்த பிக்குவாக இருந்து காவியைக் களைந்தவர். விகாரை விகாரையாகப் போய் அங்கிருந்த பழைய சுவரோவியங்களைப் பிரதி எடுத்தார். பிரதிதானே என்று தள்ளிவிடுவோம். பிறகு சுவர் இடியும், பூசி மெழுகுவார்கள், பிரதி மட்டும் மிஞ்சும். 1979 இல் அவருக்கு மக்சேசே விருது கொடுத்தார்கள்.

எங்கள் கோயில்களுக்கு ஒரு மஞ்சுஸ்ரீ கிடைக்கவில்லை. ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் பழைய சித்திரத்துக்கு மேல் புது எனாமல் பெயின்ற். உபயகாரர் பெயர் பளிச்சென்று இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். என் ஊர்க் கோயில் மண்டபத்தில் சின்ன வயதில் நான் பார்த்த சூரன் பச்சை, இப்போது ஊதா. யாரிடம் போய் முறையிட?

மார்ச் 17, ஞாயிறு

இன்று லயனல் வென்ட்.

1900 இல் பிறந்தவர். லண்டனில் சட்டமும் பியானோவும் படித்து வந்து, சட்டத்தை விட்டுவிட்டுப் பியானோ வாசித்தார். அப்புறம் கமெராவைப் பிடித்தார். கில்ட்ஃபோர்ட் கிரசன்ட்டில் அல்பொராடா என்று ஒரு வீடு வைத்திருந்தார். 1943 ஓகஸ்ட் 29 ஆம் திகதி அந்த வீட்டில்தான் 43 குழு கூடிப் பெயர் வைத்துக்கொண்டது. அடுத்த வருடம் டிசம்பரில் வென்ட் இறந்துவிட்டார், 44 வயது. கூட்டிய மனிதருக்கு அந்தக் குழு 16 மாதம்தான் கிடைத்தது. அவர் எடுத்த போட்டோக்களின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன, இன்று நாம் பார்ப்பது அவர் கையால் கழுவிய பிரதிகளும் அவற்றின் பிரதிகளும்.

சொத்து சகோதரர் ஹரி வென்ட்டுக்குப் போனது. அவரும் அதிக காலம் இருக்கவில்லை. மிஞ்சியது நண்பர் ஹரல்ட் பீரிஸின் தலையில். ஆம், நான் இரண்டு வாரத்துக்கு முன் வேறு வீட்டில் குடியேற்றிய அதே ஹரல்ட். அவர் நினைத்திருந்தால் கறுவாத்தோட்டத்துக் காணியைப் பேசாமல் வைத்துக்கொண்டிருக்கலாம். அந்த நிலத்தில் நாடக அரங்கும் ஓவியக் கூடமும் எழும்பின. அரங்கு திறந்தது 1953 டிசம்பரில். கூடத்துக்கு ஹரல்ட் பீரிஸின் பெயர். நாடகம் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் "வென்ட்" என்றுதான் சொல்வார்கள், பீரிஸை யாரும் சொல்வதில்லை. அங்கே கூடத்தில் நடப்பது வாடகைக் கண்காட்சிகள்தான், வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வாரம் அருமையாக இருக்கும், மறுவாரம் கணக்காளர் ஒருவரின் ஓய்வூதியப் பொழுதுபோக்கு. இரண்டுக்கும் ஒரே சுவர். அது எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 17, கொஞ்சம் பிந்தி

வென்ட்டுக்கும் கீற்றுக்கும் சிநேகிதனான பாப்லோ நெரூதா சிலி நாட்டுக் கொன்சலாக இங்கே இருந்தபோது வெள்ளவத்தைவாசி. 1929 வாக்கில். "எங்கட ஊரில நெரூதா இருந்தவர்" என்று நானே பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். பிறகு அவருடைய நினைவுக்குறிப்புகளை வாசித்தேன். மலசலகூட வாளி எடுக்க வந்த தமிழ்ப் பெண்ணுக்கு அந்த வீட்டில் தான் என்ன செய்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெருமையை விட்டுவிட்டேன். கீற்றின் ஓவியங்களைப் பற்றி நெரூதா புகழ்ந்து எழுதியதைக் கண்காட்சி மடல்களில் இன்னும் அச்சடிக்கிறார்கள், வாசித்துவிட்டுக் கடந்துபோகிறேன்.

மார்ச் 18

ஒரு கூடத்துக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன். எதென்று சொல்லமாட்டேன். "திருத்த வேலை" என்றார் வாசலில் இருந்தவர். எப்போது முடியும் என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பக்கத்துக் கடையில் மாலுபணிஸ் நன்றாக இருந்தது.

மார்ச் 24, பௌர்ணமிப் போயா

ஒரு முட்டாள்தனம் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள்.

பொரளை கோதமி விகாரையில் கீற் 1939–40 இல் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. புத்தரின் வாழ்க்கை, சுற்றிவரச் சுவர் முழுதும். வரையச்சொல்லி ஏற்பாடு செய்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஹரல்ட் பீரிஸ். இந்த மனிதர் பெயர் எந்தக் கதவைத் திறந்தாலும் பின்னால் நிற்கிறது. சரி, போயா லீவுதானே என்று புறப்பட்டேன். போயாவன்று விகாரையில் யார் இருப்பார்கள் என்று புரூப் பார்த்த மூளைக்குத் தட்டவில்லை. சில் விரதம் அனுட்டிக்கும் அம்மாமார், பிள்ளைகள், பூத்தட்டு, ஊதுபத்திப் புகை. அவர்கள் கும்பிட வந்த இடத்தில் நான் சுவரை வாய்பார்த்துக்கொண்டு குறுக்கே நிற்கிறேன். வெட்கமாகப் போயிற்று.

ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. நின்று பார்த்தால் முகங்கள்தான் தெரியும். தரையில் உட்கார்ந்தால் உருவங்களின் இடுப்பு வளைவும் பாதமும் கண் மட்டத்துக்கு வந்து, ஒருவரில் இருந்து மற்றவருக்குக் கோடு ஓடுவது தெரிகிறது. உட்கார்ந்து கும்பிடுகிறவருக்காக வரைந்த சுவர் அது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என் பார்வையைக் கவனித்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார், தமிழில் சொன்னால் இப்படி வரும்: "சின்னனில் எனக்கு இந்தப் படங்கள் பயம், கண் பெரிசு." 40 வருடக் கலை விமர்சனம் வாசித்ததில் இவ்வளவு நேராக ஒருவரும் சொல்லவில்லை.

பள்ளிக்கூட நாளொன்றில், முற்பகலில் கூட்டிப்போங்கள். வெள்ளை உடுப்பு, செருப்பு வாசலில். வத்தளை மகள் முதலில் பார்க்க வேண்டியது சப்புமல் என்று எழுதினேன், மாற்றிக்கொள்கிறேன். முதலில் இது. படத்தைச் சட்டத்துக்குள் பார்ப்பதற்கு முன் சுவரில் பார்க்கட்டும்.

மார்ச் 31

நகர மண்டபப் பக்கம் வந்தால் கிரீன் பாத். தாமரைத் தடாக அரங்குக்கும் தேசிய கலாபவனத்துக்கும் முன்னால், நடைபாதை வேலியில் ஓவியர்கள் படங்களைச் சாத்தி வைத்து விற்பார்கள். யானை, தேயிலை கிள்ளும் பெண், மறுபடி யானை. நடுவில் ஒன்று நல்லதாக மாட்டும். வருடத்துக்கொரு தரம் அதே வீதியில் கலா பொல. 1993 இல் ஜோர்ஜ் கீற் மன்றம் தொடங்கிய திறந்தவெளிச் சந்தை. சந்தை என்றால் உண்மையிலேயே சந்தை, கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவது போலப் பேசலாம்.

வீதியின் இப்போதைய பெயர் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. கலை ஆய்வாளரான அவர் பிறந்தது 1877 இல், கொழும்பில், சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாக. கூப்பிடு தூரத்தில் இருக்கும் கொழும்பு நூதனசாலை திறந்ததும் அதே 1877. 1908 இல் சிங்களக் கைவினை பற்றி அவர் எழுதிய பெரிய நூலை கையச்சுக்குப் பேர்போன வில்லியம் மொரிஸ் பாவித்த அதே கையச்சு இயந்திரத்தில் அடித்தார்கள், அச்சுக்கூடத்தில் வளர்ந்த எனக்கு இது போதும் அவரை மதிக்க. ஆனால் 1917 இல் அவர் பொஸ்ரனுக்குப் போனபோது சேகரிப்பும் கூடவே போனது. ராஜபுத்திர ஓவியங்கள், மற்றவை, இன்றும் அங்கே நூதனசாலையில். கொழும்புக்கு மிஞ்சியது வீதிப் பெயர்ப் பலகை. ஹரி பீரிஸுக்கு ஒரு வீதியும் இல்லை, வீடு இருக்கிறது. எது தேவலை என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏப்ரல் 1

நேற்று எழுதியது கொஞ்சம் அநியாயம். அவர் அங்கே கொண்டுபோனதால்தான் அந்த ஓவியங்களைப் பற்றி உலகத்துக்குத் தெரிய வந்தது, இங்கே இருந்திருந்தால் கறையான் தின்றிருக்கும் என்று ஓர் அண்ணை எழுதியிருக்கிறார். கறையான் விஷயத்தில் அவர் சொல்வது சரி. மற்றதை இன்னும் யோசிக்கிறேன்.

ஏப்ரல் 1, மாலை

நூதனசாலை என்றதும் ஒரு கிளைக்கதை. அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். வேலை முடிந்ததும் என்ன கௌரவம் வேண்டும் என்று ஆளுநர் கிரெகரி கேட்டாராம், வெள்ளிக்கிழமைகளில் பூட்டி வைத்தால் போதும் என்றாராம் மரிக்கார். வெகுகாலம் வெள்ளியில் பூட்டித்தான் இருந்தது. கொடைக்குப் பதிலாகத் தன் பெயரைச் சுவரில் கேட்காமல் ஒரு நாளைக் கேட்ட மனிதர். உள்ளே பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிண்டி எடுத்த வெண்கலங்கள் இருக்கின்றன, சித்திரப் பாடத்துக்கு அவையும் உதவும்.

ஏப்ரல் 7

கொள்ளுப்பிட்டி மோலான கிரெஸ்கட்டில் இருக்கும் நவீன, சமகாலக் கலை நூதனசாலைக்குப் போனேன். 2019 இல் வேறொரு கட்டடத்தில் தொடங்கி இங்கே வந்தது. இதற்கு விட்டுப்போன வீடும் இல்லை, விட்டுப்போன ஆளும் இல்லை. சாமான் வாங்க வந்தவர்கள் படிக்கட்டு மாறி உள்ளே வந்துவிடுகிறார்கள், நல்லதுதான். படங்களுக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் குறிப்பு. என் பழக்கம் உங்களுக்குத் தெரியும், முதலில் தமிழில் பிழை தேடினேன். அரை மணித்தியாலம் தேடியும் அகப்படவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. இவர்களின் முதல் கண்காட்சிக்குத் தலைப்பே சேரனின் கவிதை வரியில் இருந்து எடுத்தது. பொதுக் கூடம் என்றால் எனக்கு முதலில் இதுதான்: என் மொழியில் எழுதி, நான் நின்று வாசிக்கும் உயரத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 15

புத்தாண்டுக்கு வீடு துடைத்ததில் அலுமாரிக்குப் பின்னால் இருந்து மாமாவின் படங்கள் வெளியே வந்தன. இதைப் பற்றி எழுதுவதா என்று யோசித்தேன். ஒரு மாதமாக மற்றவர் கொடையைப் பற்றி நியாயம் பேசுகிறேன், என் வீட்டில் இருப்பதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

மாமா வடமராட்சியில் சித்திர வாத்தியார். சின்னப் பிள்ளையாக இருந்த எனக்கு அவர் அடிக்கடி "வின்சர், வின்சர்" என்பது கேட்கும். வர்ணப் பெட்டியில் வின்சர் என்று போட்டிருக்குமே, அதைத்தான் சொல்கிறார் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் சொன்னது வின்சர் ஆர்ட் கிளப்பை. எஸ். ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. இலங்கைப் பாடசாலைகளின் பிரதம சித்திரப் பரிசோதகராக இருந்த வெள்ளைக்காரர் வின்சரின் பெயரில். அவருக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த ஜெஃப்ரி பெலிங்கும் 43 குழுக்காரர். ஆக, மகள் படிக்கும் சித்திரப் பாடத்துக்கும் பார்ன்ஸ் பிளேஸ் வீட்டுக்கும் மாமாவுக்கும் ஒரே வேர். இதிலும் பாருங்கள், ஆங்கிலத்தில் பெயின்ற் வின்சர் வேறு எழுத்து, பரிசோதகர் வின்சர் வேறு எழுத்து. தமிழில் ஒன்று. எனக்கென்று வாய்த்திருக்கிறது.

மொத்தம் 11 படம். எட்டு ஹார்ட்போர்ட்டில் எண்ணெய் வர்ணம், மூன்று கடதாசியில் நீர் வர்ணம். 1995 இடம்பெயர்வில் மாமி எடுத்துவந்தது இவ்வளவுதான், மிச்சம் அங்கேயே போயிற்று. ஹார்ட்போர்ட்டின் பின்பக்கம் உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் பூஞ்சணம். நீர் வர்ணம் ஒன்றில் கண்ணாடியை நேரே கடதாசியில் முட்ட வைத்து அடைத்திருக்கிறார்கள். ஈரத்தில் வானம் முழுக்கக் கண்ணாடியில் ஒட்டிவிட்டது. கழற்றினால் வானம் கண்ணாடியோடு வரும். அப்படியே விட்டேன்.

ஏப்ரல் 16

யோசனை சொன்ன எல்லோருக்கும். வெயிலில் வைக்கச் சொன்னவர் தயவுசெய்து வேறு யாருக்கும் அதைச் சொல்ல வேண்டாம். ஒரு நாள் வெயில் பத்து வருடத்து நிறத்தைக் குடித்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு நாள் வைத்து, மெல்லிய தூரிகையால் பின்பக்கத்தை மட்டும் தட்டினேன், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு. சட்டத்தின் நாலு மூலையிலும் பின்னால் போத்தல் கார்க்கை வெட்டி ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்றுப் போகும். வெளிச்சுவரில் மாட்டக்கூடாது, மழைக்கு அது வியர்க்கும். வெள்ளவத்தை மாடிவீட்டில் வெளிச்சுவர் இல்லாத சுவர் எது? குளியலறைச் சுவர்.

ஏப்ரல் 28

இரண்டு இடத்தில் கேட்டேன். இரண்டு பேரும் மரியாதையாகக் கதைத்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள், வேண்டாம் என்றார்கள். முதலில் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து ஆறிப்போய் யோசித்தால் அவர்கள் சொல்வது நியாயம். 11 படத்தைக் கொடுப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அதற்குச் சுவர், கூரை, பூச்சி மருந்து, திறக்க ஓர் ஆள், பூட்ட ஓர் ஆள், அந்த ஆளுக்குச் சம்பளம், இவையெல்லாம் யார் கொடுப்பது? ஹரி பீரிஸ் படத்தை மட்டும் கொடுக்கவில்லை, அதற்கு ஆணி அடித்த சுவரையும் சேர்த்துக் கொடுத்தார். இவ்வளவு நாளும் வீட்டை நான் படத்துக்கு இலவச இணைப்பாக நினைத்திருக்கிறேன்.

மாமா கெட்டிக்கார ஓவியரா? உண்மையைச் சொன்னால் இடைத்தரம். இரண்டு படம் நல்லது. ஒன்று பனங்கொட்டில், கதவு பாதி திறந்து உள்ளே இருட்டு. மற்றது ஒட்டிப்போன வானம்.

மே 18

வத்தளைத் தங்கச்சியும் மகளும் இன்று வந்து போனார்கள். சோதனை முடிந்துவிட்டது. கோதமி விகாரைக்குச் சோதனைக்கு முன்பே போய்வந்தார்களாம், தரையில் உட்கார்ந்துதான் பார்த்தாளாம். 43 குழு பற்றிக் கேள்வி எப்படி என்று கேட்டேன், "பெயர் எல்லாம் சரியா எழுதிட்டன் அங்கிள், முதற்பெயரோட" என்றாள்.

பிள்ளை படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கம்தான் முதலில் பார்த்தாள். அப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, தூசு தட்டினேன், அவ்வளவுதான். பனங்கொட்டில் படத்தின் பின்னால், பூஞ்சணம் போன இடத்தில், பென்சிலால் மாமாவின் கையெழுத்து. ரூ. 75. அதை வெட்டி ரூ. 50. அதையும் வெட்டி ரூ. 30. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மாமா விற்கப் பார்த்திருக்கிறார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாமிக்கும் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டியிருப்பா.

அவள் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள், கேட்கவில்லை. தாய் எழும்பும்போது மட்டும் மறுபடி ஒரு தரம் பார்த்தாள். அவர்கள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில் கொண்டுபோக வேண்டாம், அடுத்த ஞாயிறு ஓட்டோவில் நானே கொண்டுவருகிறேன், தங்கச்சி. கார்க்கும் ஆணியும் என்னிடம் இருக்கிறது. வீட்டில் வெளியே பார்க்காத சுவர் எது என்று மட்டும் பார்த்து வையுங்கள்.